பிஸ்கோ சவரும் பனஞ்சாராயமும்

பெரு நாட்டார் தங்கள் தேசியப் பானமாகக் கொண்டாடும் பிஸ்கோ சவரைப் புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு வீட்டுக் குசினியில் செய்ய முடியுமா? விளையாட்டுக் கேள்விபோலத் தோன்றலாம். ஆனால் கோடை விடுமுறைக்கு வாணர் தாம்போதியைக் கடந்து ஊருக்குள் வருகிறவர்களில், சுவிசிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உணவகங்களில் நின்று உழைத்தவர்கள் கணிசம். அங்கே அவர்கள் கையால் கலந்து கொடுக்கும் பானங்களில் இதுவும் ஒன்று. ஊர் வந்ததும் உறவுக்காரருக்கு அதைச் செய்து காட்ட ஆசைப்படுவது இயல்பு. அப்படி ஆசைப்படுகிறவர் முதலில் கொழும்பிலிருந்து எதை வாங்கி வரலாம் என்றுதான் யோசிப்பார். வளவில் நிற்கும் பனையை அண்ணாந்து பார்க்கமாட்டார். பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பொருட்கள் ஐந்து. பிஸ்கோ எனும் முந்திரிகைப் பிராண்டி, தேசிக்காய்ப் புளி, சீனிப்பாகு, முட்டையின் வெள்ளைக்கரு, மேலே இரண்டு மூன்று துளி கசப்புச் சாறு. (முந்திரிகை என்று இங்கே சொல்வது திராட்சையை. தமிழ்நாட்டு வாசகர்கள் முந்திரிப் பருப்பை நினைக்க வேண்டாம்.) நடுவிலுள்ள மூன்றும் மடத்துவெளியில் எந்த வீட்டிலும் உண்டு. கசப்புச் சாறு இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சிலி நாட்டில் பலர் அதைச் சேர்ப்பதில்லை, முட்டையையும் சேர்ப்பதில்லை. ஆக, சிக்கல் முழுவதும் முதற்பொருளில்தான் இருக்கிறது.

இந்தப் பானம் பழைய இன்கா காலத்துச் சரக்கல்ல. அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் பிறந்த விக்டர் மொரிஸ் என்பவர் 1903இல் வேலை தேடிப் பெருவின் செரோ டி பாஸ்கோ என்ற சுரங்க நகருக்குப் போனார். 1916இல் தலைநகர் லீமாவில் ஒரு மதுச்சாலை திறந்தார். தன் நாட்டு விஸ்கி சவரில் விஸ்கிக்குப் பதிலாக உள்ளூர்ப் பிஸ்கோவை ஊற்றியவர் அவரே என்று சொல்கிறார்கள். அவரிடம் வேலை பார்த்த மாரியோ புருயெட் என்ற பெருக்காரர்தான் முட்டை வெள்ளையையும் கசப்புச் சாற்றையும் சேர்த்து இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அதன் தொடர்ச்சி. மொரிஸ் 1929இல் இறந்தார். கடையும் அதோடு போயிற்று. இந்தக் கதையில் ஓர் ஓட்டை உண்டு. 1903இல் லீமாவில் அச்சான ஒரு சமையல் கைநூலிலேயே பிஸ்கோவையும் முட்டை வெள்ளையையும் சீனியையும் தேசிக்காயையும் சேர்த்து அடிக்கும் குறிப்பு ஒன்று இருக்கிறது. அப்போது மொரிஸ் லீமாவில் கடை திறக்கவே இல்லை. சிலிக்காரரோ இக்கீக்கே துறைமுகத்தில் 1872இல் கப்பலை விட்டிறங்கிய எலியட் ஸ்டப் என்ற ஆங்கிலேயர்தான் மூலவர் என்று வேறொரு கதை வைத்திருக்கிறார்கள். அதை ஆராய்ச்சியாளர் பெரிதாக எடுப்பதில்லை. வீட்டுப் பெண்கள் அடித்துக் குடித்த ஒன்றுக்குக் கடைக்காரர் பெயர் வைத்தார் என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. சமையலின் வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

அதற்கும் முந்திய வரலாறு ஒன்று உண்டு. அது நமக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வெறியம், புளிப்பு, இனிப்பு மூன்றையும் நீரோடு சேர்ப்பதுதான் சவர் வகையின் அடிப்படை. அந்தச் சேர்க்கை ஐரோப்பாவுக்குப் போனது பஞ்ச் என்ற பெயரில், கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் முதலில் தென்படும் கடிதம் 1632இல் சோழமண்டலக் கரையிலிருந்த ஒரு கம்பனி ஊழியர் எழுதியது. மொகலாய நாட்டில் சுற்றிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னியரும் அதே நூற்றாண்டில் வங்காளத்தில் கண்டதைக் குறித்திருக்கிறார்: கருப்பட்டிச் சாராயம், தேசிக்காய்ப் புளி, தண்ணீர், கொஞ்சம் சாதிக்காய். கோவாவின் தென்னஞ்சாராயமும் பத்தாவியாவின் சாராயமும் இலங்கைச் சாராயமும் பஞ்சுக்கு உகந்தவை என்று ஐரோப்பியர் தேடி வாங்கிய காலம் அது. பிறகு சாராயத்தின் இடத்துக்கு றம் வந்தது, பிராண்டி வந்தது. அண்டாவில் கலந்து பலர் மொண்டு குடித்தது, ஒருவருக்கு ஒரு கிளாஸ் என்று சுருங்கிச் சவர் ஆயிற்று. அப்போது புங்குடுதீவு ஒல்லாந்தரின் வரைபடங்களில் மிட்டெல்பர்க் என்ற பெயரில் கிடந்தது. பக்கத்து நயினாதீவு ஹார்லெம். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த தீவு லைடன்.

இதைச் சொல்வது, பிஸ்கோ சவரைக் கண்டுபிடித்தவன் தமிழன் என்று கொடி பிடிப்பதற்கல்ல. அந்த வியாதி நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. பனை, தென்னைச் சாராயத்தில் தேசிக்காய் பிழிவது பிராண்டியில் பிழிவதைவிடப் பழைய பழக்கம் என்பது மட்டுமே இங்கே தேவை. பிஸ்கோவுக்குப் பதிலாகப் பனஞ்சாராயம் என்று நான் சொல்லும்போது, அது கிடையாததற்கு ஒப்புக்கு வைத்த மாற்று அல்ல. அந்தக் குடும்பத்தின் மூத்த கிளைக்குத் திரும்புவது.

தேசிக்காயில் நமக்கு இன்னும் நேரடியான உறவு. லீமாவில் பிஸ்கோ சவருக்குப் பிழிவது பெரிய மஞ்சள் எலுமிச்சை அல்ல. உருண்டையான, தோல் மெல்லிய, விதையுள்ள சிறு பச்சைக்காய். தாவரவியலாளருக்கு அதுவும் நம் தேசிக்காயும் ஒரே இனம். ஆசியாவில் தோன்றி, அரபிகள் கையால் மத்தியதரைக் கடலுக்கும், ஸ்பானியர் கையால் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய நகரங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய, விதையற்ற பச்சைக்காய் வேறு இனம். அதில் புளிப்பு உண்டு, மணம் குறைவு. ஆகவே சூரிச்சில் கலக்கிறவரைவிட மடத்துவெளியில் கலக்கிறவருக்குத்தான் லீமாவின் ருசி கிட்ட நிற்கிறது. காயைப் பாதியாக வெட்டி மெதுவாகப் பிழியவேண்டும். கடைசிச் சொட்டுவரை முறுக்கினால் தோலின் கசப்பு இறங்கிவிடும். பிழிந்து வைத்த புளி சில மணித்தியாலத்தில் மணம் மாறும். காலையில் பிழிந்து பின்னேரம் கலப்பது கூடாது. நம் காயில் ஒன்று பத்துப் பதினைந்து மில்லிலீற்றர் தரும். ஒரு கிளாசுக்கு இரண்டு காய் எடுத்து வையுங்கள்.

இனி முட்டை. வெறியத்தில் பச்சை முட்டையா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு முட்டைக்கோப்பியை நினைவூட்டுகிறேன். யாழ்ப்பாணத்தில் முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கிற கோப்பியை மேலால் ஊற்றி, தடிமன் காய்ச்சலென்றால் ஒரு மூடி பிராண்டியும் விட்டுக் கொடுப்பது எத்தனை தலைமுறைப் பழக்கம்! பிள்ளைப்பெற்ற வீட்டிலும் பிராண்டிப் போத்தல் ஒன்று அலுமாரிக்குள் இருக்கும். குடிப்பழக்கமே இல்லாத, தவறணைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பங்களிலும் அது மருந்தென்ற பெயரில் இருந்தது. பிராண்டியும் நுரைத்த முட்டையும் சீனியும் சேர்ந்த பானம் நம் ஆச்சிமாருக்கு அந்நியமல்ல. தேசிக்காய்க்குப் பதில் கோப்பி, அவ்வளவுதான். (பால் கொடுக்கும் தாய்க்குப் பிராண்டி மருந்தல்ல. பாலோடு வெறியமும் பிள்ளைக்குப் போகும். தடிமனுக்கும் அது பரிகாரமில்லை. பழக்கத்தின் வரலாற்றைச் சொல்வது அதைத் தொடரச் சொல்வதாகாது.)

பிஸ்கோ சவரில் மஞ்சள் கரு சேராது. வெள்ளைக்கருவிலுள்ள புரதங்கள் அடிபடும்போது சுருள் அவிழ்ந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் போர்த்துகின்றன. தேசிக்காயின் அமிலம் அந்தப் போர்வையை இறுக்குகிறது. சீனி நீரை வடியவிடாமல் பிடிக்கிறது. நுரை வெறும் அலங்காரம் அல்ல, புளிப்பின் கூர்மையை நாக்கில் மழுக்குவது அதுதான். ஒரு முட்டையில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் வெள்ளை இருக்கும். ஒரு கிளாசுக்குப் பாதி போதும். முழுவதையும் விட்டால் மணக்கும். பச்சை முட்டையில் சல்மோனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். தேசிக்காயும் சாராயமும் அதை உடனே கொன்றுவிடும் என்று நம்பிவிடக்கூடாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயால் பலவீனமானவர்களுக்குப் பச்சை முட்டை வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பானமே வேண்டாம். முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு நல்ல மாற்று நம் வீட்டிலேயே வீணாகிறது. கடலை அவித்த தண்ணீர். உப்புப் போடாமல் அவித்து, வடித்து, கொஞ்சம் வற்றவிட்டு ஆறவைத்தால் முட்டை வெள்ளையைப்போலவே நுரைக்கும். இதைப் பிரான்சில் ஒருவர் 2014இல் கண்டு சொல்ல, உலகெங்கும் பரவியது. வெள்ளிக்கிழமைதோறும் கடலை அவிக்கும் நாங்கள் அந்தத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

முதற்பொருளுக்கு வருவோம். பிஸ்கோ என்றால் என்ன என்பதைப் பெருவின் சட்டம் ஈவிரக்கமில்லாமல் வரையறுக்கிறது. லீமா, இக்கா, அரெக்கிப்பா, மொக்கேகுவா, தாக்னா ஆகிய ஐந்து பகுதிகளில் மட்டும் வடிக்கலாம். எட்டு வகை முந்திரிகைக்கே அனுமதி. நொதித்த சாற்றை ஒரே தடவை வடித்து, வேண்டிய வீரியத்தில் நிறுத்திவிடவேண்டும். பிறகு தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. சீனி, நிறம், வாசனை எதுவும் கூடாது. மரப்பீப்பாயில் வைக்கவும் கூடாது. கண்ணாடி, துருவேறா உருக்கு போன்ற, ருசியை மாற்றாத கலங்களில் குறைந்தது மூன்று மாதம் ஓய்வு. வீரியம் 38 முதல் 48 வீதத்துக்குள். ஒரு லீற்றருக்கு ஏழு எட்டுக் கிலோ பழம் போகும். சிலியின் சட்டம் கொஞ்சம் தளர்வு: தண்ணீர் சேர்த்து வீரியம் குறைக்கலாம், மரத்தில் வைத்து முதிர்விக்கலாம். இரண்டுக்கும் பொதுவானது, போத்தலுக்குள் இருப்பது பழத்திலிருந்து வந்தது என்ற உத்தரவாதம்.

பிராண்டி என்ற பெயரோடு தெற்காசியக் கடைகளில் அடுக்கியிருப்பவை பலவற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. குறிப்பாக இந்தியாவில் மலிவு விலைப் பிராண்டி என்பது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த மணமற்ற வெறியத்தில் கொஞ்சம் முந்திரிகைச் சரக்கும் நிறமும் வாசனையும் சேர்த்தது. அதைச் சவரில் ஊற்றினால் கிடைப்பது எரிந்த சீனியின் வாடையுள்ள தேசிக்காய்த் தண்ணீர். பீப்பாயில் கிடந்து மண்ணிறமான நல்ல பிரெஞ்சுப் பிராண்டியும் சரிவராது. அது கெட்ட சரக்கல்ல. ஆனால் மரத்தின் மணம் தேசிக்காயோடு சண்டை பிடிக்கும். பிஸ்கோ சவருக்குத் தேவை நிறமில்லாத, மரம் தொடாத, மூலப்பொருளின் வாசம் மாறாத வெறியம்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகையே இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இலங்கையில் முந்திரிகை என்றாலே வலிகாமத்துச் செம்மண்தான் நினைவுக்கு வரும். பனிக்காலம் இல்லாத ஊரில் கொடியைக் கவாத்துப் பண்ணி ஏமாற்றிக் காய்க்க வைப்பார்கள். அதிலிருந்து வைன் செய்த இடமும் உண்டு. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் பூசைக்கு வைனும், ஊருக்கு நெல்லிரசமும் செய்து பெயரெடுத்தது. வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமானபோது துறவிகளும் மற்ற சனத்தைப்போல இடம்பெயர நேர்ந்தது. பெருவிலும் முதற்கொடிகளை நட்டதில் பூசை வைனின் தேவைக்குப் பெரிய பங்குண்டு. அங்கே வைன் வடிகலத்துக்கு ஏறிப் பிஸ்கோவாயிற்று. இங்கே வைனோடு நின்றுவிட்டது. வடிகலத்துக்கு ஏறியது வேறொரு சரக்கு.

பனையில் நாளுக்கு இரு வேளை ஏறி, பாளையைத் தட்டி, நுனியைச் சீவி, முட்டி கட்டி இறக்கும் சாற்றில் ஏறத்தாழ 12 வீதம் சீனி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காமல் கருப்பணியாக இறங்கும்; காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே காட்டு மதுவமும் நுண்ணுயிர்களும் வேலையைத் தொடங்கிவிடும். இறங்கும்போதே கள்ளு. ஒரு நாளுக்குள் வெறியம் ஐந்து வீதத்தை ஒட்டி ஏறும், அதற்குமேல் வினாகிரிக்குத் திரும்பும். இதை உரிய நேரத்தில் வடித்தால் பனஞ்சாராயம். முந்திரிகைத் தோட்டக்காரன் வருடத்தில் ஒருமுறை அறுவடை செய்கிறான். சீவல் தொழிலாளி பருவம் முழுவதும் ஒவ்வொரு நாளும், இரண்டு தடவை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அறுவடை செய்கிறான்.

அந்த உழைப்புக்கு நம் சமூகம் கொடுத்த மரியாதையைப் பற்றி நீட்டி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். பனையேறியவனை வேலிக்கு வெளியே நிறுத்தியவர்கள் அவன் இறக்கிய கள்ளை நிறுத்தவில்லை என்பதோடு விடுகிறேன். 1970களின் தொடக்கத்தில் தவறணைகள் தனியார் குத்தகையிலிருந்து விடுபட்டு, சீவல் தொழிலாளரின் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தது அவர்கள் வாழ்வில் பெரிய திருப்பம். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. வடமராட்சிக் கரையில் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. பருவத்தில் மிஞ்சிக் கொட்டப்பட்ட கள்ளு அங்கே போத்தலுக்கு வந்தது. போர் தொடங்கியபின் எல்லாம் தலைகீழ். காவலரண்களுக்கென்று பனைகள் தறிக்கப்பட்டன. 1991இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. புங்குடுதீவில் கூரையற்ற வீடுகளும் ஆளற்ற பனைகளும் எஞ்சின. திக்கமும் முடங்கிப் பல வருடம் மூடிக் கிடந்தது. வெளிநாட்டில் ஒரு தமிழ்க் கடையில் பனஞ்சாராயப் போத்தலைக் காண்கிறவர் இவ்வளவையும் தாண்டி அது வந்திருக்கிறது என்பதை அறியவேண்டும்.

சவருக்கு அது எப்படிப் பொருந்துகிறது? நல்ல பனஞ்சாராயத்தில் முதலில் எழுவது கள்ளின் புளித்த வாசம். பின்னால் பனங்கட்டியின் மெல்லிய புகைமணம். சிலருக்கு முதல் முகர்வு பிடிக்காது. தேசிக்காயும் முட்டை நுரையும் சேரும்போது அந்த முரட்டுத்தனம் அடங்கி, மணம் மட்டும் நிற்கிறது. இதனாலேயே பனஞ்சாராயத்தை வெறுமனே குடிப்பதைவிடச் சவராகக் குடிப்பது நல்லதென்று நினைக்கிறேன். தென்னஞ்சாராயம் இலங்கையில் பெரும்பாலும் மரப்பீப்பாயில் முதிர்ந்தது, மென்மையானது. அதிலும் சவர் நன்றாக வரும், ஆனால் பிஸ்கோவின் குணத்துக்குச் சற்றுத் தூரம். வாங்குகிறவர் பார்க்கவேண்டியது ஒன்று: நூறு வீதம் கள்ளிலிருந்து வடித்ததா, வேறு வெறியம் கலந்ததா. கலப்புச் சாராயம் இலங்கைச் சந்தையில் தாராளம்.

வீட்டிலே வடிக்கலாமே என்று எண்ணுகிறவர்களுக்கு: கூடாது. 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி வடிப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், கசிப்பு நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். வாங்குவதிலும் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. போயா நாளில் கடை பூட்டு. பெண்களுக்கு மதுபானம் விற்பதையும் 1979இல் வந்த ஒழுங்குவிதி தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்க, சில நாளுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே நீக்கினார். முட்டைக்கோப்பிக்குப் பிராண்டியை அளந்து விட்ட ஆச்சிமார் அதைக் கடையில் தாங்களே வாங்க முடியாதவர்களாக இருந்தார்கள்.

செய்முறை சின்னது. முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். புங்குடுதீவுக் கிணறுகள் பலவற்றில் உவர். அந்தத் தண்ணீரில் ஐஸ் வைத்தால் உருகும்போது பானம் கெடும். மழைநீரோ வாங்கிய குடிநீரோதான் ஐசுக்கும் பாகுக்கும். சீனியும் தண்ணீரும் சம அளவு எடுத்துச் சூடாக்கி, கரைந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். பனங்கட்டிப் பாகு விடலாமா என்றால், விடலாம். நுரை மங்கலாகும், பனையின் மணம் இரட்டிப்பாகி மற்றதை மூடும். முதற்தடவை வெள்ளைச் சீனியே நல்லது.

சர்வதேச மதுக்கலவையாளர் சங்கத்தின் அளவு 60 மில்லிலீற்றர் பிஸ்கோ, 30 புளி, 20 பாகு, ஒரு முட்டை வெள்ளை. லீமாவில் பலர் மூன்றுக்கு ஒன்று ஒன்று என்பார்கள். ஆனால் இலங்கைச் சாராயத்தின் வீரியம் வழக்கமாக 33.5 வீதத்தை ஒட்டியது. பிஸ்கோவுக்குச் சொன்ன அளவையே எடுத்தால் புளிப்புத் தூக்கி, பானம் தண்ணீராகிவிடும். ஆகவே பனஞ்சாராயம் 75, புளி 25, பாகு 20, அரை முட்டையின் வெள்ளை. 75 மில்லிலீற்றரில் இருக்கும் வெறியம் 40 வீதப் பிஸ்கோ 60 மில்லிலீற்றரில் இருப்பதற்கு ஏறக்குறையச் சமம். கூட ஊற்றியதால் கூட வெறிக்காது. ஒரு கிளாஸ் என்பது ஒரு கிளாஸ்தான், சர்பத்து மாதிரி இறங்குகிறதே என்று அடுத்தடுத்து நிரப்பக்கூடாது.

குலுக்குவதற்கு வெள்ளிக் குடுவை தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள பெரிய ஹோர்லிக்ஸ் போத்தல் போதும். எல்லாவற்றையும் விட்டு முதலில் ஐஸ் இல்லாமல் கை உளையும்வரை குலுக்கவேண்டும். நுரை இந்தக் கட்டத்தில்தான் பிறக்கிறது. குளிரில் புரதம் சோம்பல்படும். பிறகு பெரிய ஐஸ்கட்டிகள் போட்டு, போத்தல் வெளியே வேர்க்கும்வரை திரும்பக் குலுக்கி, தேத்தண்ணி வடியால் குளிர்ந்த கிளாசுக்குள் வடியுங்கள். நுரை இரண்டு விரல் உயரம் நிற்கவேண்டும். மேலே துளிக்கும் கசப்புச் சாறு, வெனிசுவேலாவின் அங்கொஸ்துரா நகரில் சீகர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1824இல் வயிற்று மருந்தாகச் செய்தது, இப்போது திரினிடாட்டில் தயாராகிறது. கொழும்பில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பெர்னியர் கண்ட வழியில் சாதிக்காயைக் கொஞ்சம் உரசித் தூவுங்கள். முட்டை வாடையை மறைக்கும் வேலையை அது குறைவில்லாமல் செய்யும்.

இந்தப் பானத்தைப் பிஸ்கோ சவர் என்று அழைக்கலாமா? கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெயருக்காக இரு நாடுகள் சென்னைவரை வந்து வழக்காடியிருக்கின்றன. இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னையில். பிஸ்கோ என்ற பெயரைத் தனக்கே பதியும்படி பெரு 2005இல் அங்கே விண்ணப்பித்தது. சிலியின் பிஸ்கோ உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்தது. 2009இல் பதிவகம் 'பெருவியப் பிஸ்கோ' என்று அடைமொழியோடு தரலாமென்றது. 2018இல் மேல்முறையீட்டுச் சபை அடைமொழியைத் தூக்கிப் பெருவுக்கே முழுப் பெயரையும் கொடுத்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றி, இரு நாட்டுக்கும் அந்தப் பெயரில் உரிமை உண்டு, பெருவியப் பிஸ்கோ, சிலியப் பிஸ்கோ என்று பிரித்து அறியும்படி இருக்கவேண்டும் என்றது. இருபது வருட வழக்கு! சிலி 1931இலேயே தன் பிஸ்கோவுக்கு எல்லை வரைந்துவிட்டது. 1936இல் எல்கிப் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் ஊரின் பெயரையே பிஸ்கோ எல்கி என்று மாற்றியது. பெரு 2007இல் பிஸ்கோ சவரைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது. பெப்ரவரி முதற் சனி அங்கே அதன் நாள்.

ஒரு சாராயத்துக்கு இவ்வளவு அமர்க்களமா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த அமர்க்களத்தால்தான் இக்காவில் கொடி வளர்க்கிறவனுக்குப் பழத்தின் விலை நிற்கிறது. பெயருக்கு எல்லை இருப்பதால் மலிவுச் சரக்கு உள்ளே நுழைய முடிவதில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் தந்தது. பனைக்கு இதற்குக் குறைந்த தகுதி இல்லை. மது விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது. அந்தத் தடை நியாயமானது. அதை உடைக்கச் சொல்லவில்லை. விளம்பரம் இல்லாத சந்தையில் போத்தலில் ஒட்டிய தாள் ஒன்றுதான் சரக்கின் வாய். அந்த வாய் இப்போது மிகக் குறைவாகப் பேசுகிறது.

ஆகவே பனை அபிவிருத்திச் சபைக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பனஞ்சாராயத்துக்கு ஒரு வரைவிலக்கணம் எழுதுங்கள்: எந்த மாவட்டங்களின் கள்ளு, எத்தனை மணித்தியாலத்துக்குள் வடித்தது, வேறு வெறியம் கலக்கவில்லை, நிறம் சேர்க்கவில்லை. கள்ளு இறங்கிய சங்கத்தின் பெயரையும் பருவத்தையும் போத்தலில் அச்சடியுங்கள். அதில் என்றைக்காவது புங்குடுதீவு என்றும் இருந்தால், ஊருக்கு வரும் எங்கள் பிள்ளைகள் கொழும்பில் பிராண்டி தேடமாட்டார்கள்.